மாமன் தந்த பதவியும் மிலானில் வாழ்ந்த ஆயரும்: கார்லோ பொரோமேயோ

தாய்மாமன் திருத்தந்தையான (போப்பாண்டவரான) ஒரே காரணத்தால் 21 வயதில், திருத்தந்தைக்கு அடுத்த நிலையிலுள்ள கர்தினாலாக்கப்பட்ட மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோவை, அத்தகைய சலுகைகளை ஒழிக்க வந்த சீர்திருத்தத்தின் முன்மாதிரி ஆயர் என்று கத்தோலிக்கத் திருச்சபை போற்றுவது எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்ளைநோய்க் காலத்துத் தொண்டைத் தவிர அவர் செய்தது என்ன என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியில் உள்ள முரண் உண்மையானது. அதை மழுப்பிவிட்டு அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் அவரைப் புனித சார்லஸ் பொரோமியோ என்று அறிவார்கள். நவம்பர் 4 அன்று அவருடைய திருநாள் வரும்போது, குருமட மாணவர்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் பாதுகாவலர் என்று மறையுரையில் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர் செய்த வேலைகள் எல்லாவற்றுக்கும் வேராக இருந்தது ஒரே கொள்கைதான்: ஆயர் (பிஷப்) என்பவர் தம் பொறுப்பில் விடப்பட்ட பகுதியான மறைமாவட்டத்திலேயே குடியிருக்க வேண்டும். இன்று இதைச் சொல்வதே தேவையற்றதாகத் தோன்றும். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இது பெரும் சர்ச்சைக்குரிய கோரிக்கை; கார்லோவே ஐந்தாண்டுகளுக்கு மேல் அதை மீறியவர்.

அவர் 1538 அக்டோபர் 2 அன்று, வட இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள அரோனா கோட்டையில் பிறந்தார். தந்தை ஜில்பெர்த்தோ அரோனாவின் பிரபு. தாய் மார்கெரித்தா மிலானைச் சேர்ந்த மெதிச்சி குடும்பத்தில் பிறந்தவர்; ஃபுளோரன்ஸ் நகரை ஆண்ட மெதிச்சி குடும்பம் வேறு, இது வேறு. மூத்த மகனுக்குக் குடும்பச் சொத்து, இளைய மகனுக்குத் திருச்சபைப் பதவி என்பது அக்காலப் பெருங்குடிகளின் வழக்கமான பாகப்பிரிவினை. கார்லோ இளையவர். ஆகவே 12 வயதிலேயே அரோனாவில் இருந்த ஒரு மடத்தின் தலைமை, சிறிய தந்தை ஒருவர் வைத்திருந்து விட்டுக்கொடுத்த குடும்ப உடைமையைப் போல, அவரிடம் வந்து சேர்ந்தது. துறவு பூணாமல், மடத்தில் ஒரு நாள்கூடத் தங்காமல், அதன் வருவாயை மட்டும் பெறும் பெயரளவுத் தலைமை அது. அந்த வருவாய் ஏழைகளுக்குரியது, வீட்டுச் செலவில் அதைக் கலக்கக் கூடாது என்று சிறுவன் தந்தையிடம் சொன்னதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். புனிதர்களின் இளமைக் கதைகளைப் படிக்கும்போது வழக்கமாகக் கொள்ள வேண்டிய எச்சரிக்கை இங்கும் தேவைதான். ஆயினும் பின்னாளில் அவர் பணத்தைக் கையாண்ட விதத்தோடு இந்தச் செய்தி ஒத்துப்போகிறது.

பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். படிப்பு முடியுமுன் 1558இல் தந்தை இறந்துவிட, மூத்த சகோதரர் ஃபெதெரிகோ இருந்தும், குடும்பக் கணக்குவழக்குகள் பெரும்பாலும் கார்லோவின் தலையில் விழுந்தன. பேச்சு வேகமாகவும் தடுமாற்றத்தோடும் வரும். கூர்மையான அறிவாளி என்று யாரும் வியந்ததில்லை. ஆனால் எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டார். 1559 டிசம்பர் 6 அன்று திருச்சபைச் சட்டம், குடிமைச் சட்டம் ஆகிய இரண்டிலும் முனைவர் பட்டம் பெற்றார். சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து, கிறிஸ்து பிறப்பு நாளன்று, அவருடைய தாய்மாமன் ஜொவான்னி ஆஞ்செலோ மெதிச்சி திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நான்காம் பயஸ் என்று பெயர் சூடினார்.

அடுத்து நடந்ததைக் கேட்டால் உங்கள் கேள்வியின் நியாயம் இன்னும் வலுப்பெறும். புத்தாண்டில் மருமகன் உரோமைக்கு அழைக்கப்பட்டார். 1560 ஜனவரி 31 அன்று கர்தினால். அடுத்த மாதமே மிலான் பேராயத்தின் நிர்வாகி. பின்னர் பொலோஞ்ஞா, ரொமாஞ்ஞா பகுதிகளுக்குத் திருத்தந்தையின் பிரதிநிதி. போர்ச்சுகல் முதலிய நாடுகளுக்கும் பல துறவற சபைகளுக்கும் உரோமையில் அவற்றின் நலன்களைக் கவனிக்கும் பாதுகாவலர். மாமனின் அரசு முறைக் கடிதப் போக்குவரத்து முழுவதும் அவர் கைவழியே சென்றது. அப்போது அவர் குருகூட அல்லர். சகோதரர் ஃபெதெரிகோவுக்கு உர்பீனோ கோமகனின் மகள் வாழ்க்கைத் துணையானார். சகோதரிகளும் பெரிய இடங்களில் மணம் முடித்துக்கொடுக்கப்பட்டார்கள். கார்லோ உரோமையில் பெரிய பரிவாரத்தோடு, வேட்டையும் விருந்துமாக வாழ்ந்தார். மாலை நேரங்களில் நண்பர்களைக் கூட்டி, பண்டைய இலக்கியங்களைப் பற்றி உரையாடும் ‘வத்திக்கான் இரவுகள்’ என்ற கழகத்தையும் நடத்தினார். ஒழுக்கக்கேடு எதுவும் அவர்மீது சொல்லப்படவில்லை. ஓயாமல் வேலை செய்தார். ஆனால் மிலான் மக்கள் தங்கள் பேராயரின் முகத்தைப் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

மிலானுக்கு அது புதிதல்ல. 1519இல் இப்போலித்தோ தெ எஸ்தே என்ற, பத்து வயதுகூட நிரம்பாத சிறுவனுக்கு அந்தப் பேராயம் வழங்கப்பட்டது. அவர் முப்பதாண்டுக்கு மேல் அப்பதவியின் வருவாயை அனுபவித்தார். வாழ்ந்தது ஃபெராராவிலும் பிரான்சு அரசவையிலும் உரோமையிலும். திவோலியில் நீரூற்றுகளால் புகழ்பெற்ற எஸ்தே மாளிகையைப் பார்க்கச் செல்பவர்கள் அதைக் கட்டியவர் அவரே என்பதை அறிவார்கள். அவர் மிலானின் பேராயர் என்பதைக் கேட்டால் வியப்படைவார்கள். மேய்ப்பன் இல்லாத இடத்தில் என்ன நடக்குமோ அதுவே மிலானிலும் நடந்தது. வழிபாட்டின் சொற்களைச் சரியாகச் சொல்லத் தெரியாத குருக்கள், குடும்பம் நடத்திய குருக்கள், ஆயுதம் தரித்து நடந்த குருக்கள் இருந்தார்கள். கோவில்கள் சந்தைப் பொருள்களின் கிடங்குகளாயின. மக்களுக்கு அடிப்படைச் செபங்கள்கூடத் தெரியவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிரான மார்ட்டின் லூத்தரின் எதிர்ப்பு ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் தீயாகப் பரவியிருந்த காலம் அது. மிலான் பேராயத்தின் வட எல்லை அந்த மலைக்குள்ளேயே, இன்றைய சுவிட்சர்லாந்தின் பள்ளத்தாக்குகளில் முடிந்தது.

1562 ஜனவரியில், திருச்சபையைச் சீர்திருத்த ஆயர்கள் திரெந்து நகரில் கூடிய திரெந்து பொதுச்சங்கம் மூன்றாவது முறையாகக் கூடியது. உரோமையிலிருந்து கார்லோ அதற்கு அனுப்பிய கடிதங்களும், அங்கிருந்து வந்த அறிக்கைகளுக்கு மாமன் சொல்லச்சொல்ல அவர் வரைந்த பதில்களும் எண்ணற்றவை. அந்தச் சங்கம் உடைந்துபோகும் அளவுக்குச் சென்ற சர்ச்சையே ஆயர் குடியிருப்பைப் பற்றியதுதான். மறைமாவட்டத்தில் தங்க வேண்டும் என்ற கடமை இறைவனே விதித்ததா, திருச்சபை விதித்ததா? இறைவன் விதித்தது என்றால் திருத்தந்தைகூட விலக்குத் தர முடியாது. உரோமையில் பதவி வகித்துக்கொண்டே மறைமாவட்ட வருவாயைப் பெற்ற கர்தினால்களின் நிலை என்னாகும்? எசுப்பானிய ஆயர்கள் முதல் கருத்துக்காக வாதாடினார்கள், உரோமை அஞ்சியது. 1563 ஜூலையில் சங்கம் அந்த அடிப்படைக் கேள்வியை நேரடியாகத் தீர்க்காமல், குடியிருப்பு கட்டாயம் என்று உறுதியாக ஆணையிட்டது. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம் நிறுவ வேண்டும் என்ற ஆணையும் அதே அமர்வில் பிறந்தது. இந்த ஆணைகளுக்கான கடிதங்களைக் கையாண்டவர் தாமே மிலானில் குடியில்லாதவர் என்பதைக் கார்லோ உணராமல் இருந்திருக்க முடியாது.

இதற்கிடையே 1562 நவம்பரில் சகோதரர் ஃபெதெரிகோ திடீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தையின் வழியில் ஆண் வாரிசு இனி கார்லோ மட்டுமே. அவர் இன்னும் குருப்பட்டம் பெறவில்லை. திருமணம் செய்துகொண்டு குடும்பத்தைத் தழைக்கச் செய்யட்டும் என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள், திருத்தந்தையான மாமனும் அதையே விரும்பினார். அவர் எவரிடமும் வாதாடவில்லை. 1563இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சங்கம் நிறைவுற்றது டிசம்பர் 4. டிசம்பர் 7 அன்று, மிலானின் பழம்பெரும் ஆயர் அம்புரோசியாரின் திருநாளில், கார்லோ ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏதேனும் மடத்தில் மறைந்துவிடலாமா என்ற எண்ணமும் அவரை அலைக்கழித்தது. அந்த நாள்களில் உரோமைக்கு வந்திருந்த போர்ச்சுகலின் பிராகா பேராயர் பர்த்தொலொமேயுவிடம் மனந்திறந்து கேட்டார். தம் மறைமாவட்டத்தை உயிராக நேசித்த அந்தத் தொமினிக்க சபைத் துறவி, ஓடாதே, பதவியில் இருந்துகொண்டே உன் மந்தையிடம் போய்ச் சேர் என்ற பொருளில் அறிவுரை கூறினார். கார்லோவின் வாழ்க்கையில் இந்தச் சந்திப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். சலுகையாக வந்த பதவியைத் துறப்பது ஒரு வழி. அந்தப் பதவி சுமத்தும் வேலையை முழுமையாகச் செய்வது மற்றொரு வழி. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார், உங்கள் கேள்விக்கான விடை அந்தத் தேர்விலிருந்துதான் தொடங்குகிறது.

மாமன் அவரை உடனே விடவில்லை. எனவே 1564இல் நிக்கொலோ ஒர்மனேத்தோ என்பவரைத் தம் சார்பில் மிலானுக்கு அனுப்பினார். வெரோனாவில் திரெந்து சங்கத்துக்கு முன்பே தம் மறைமாவட்டத்தைத் திருத்தியமைத்த ஆயர் ஜிபெர்த்தியிடம் பணிபுரிந்த அனுபவம் ஒர்மனேத்தோவுக்கு உண்டு. அவர் குருக்களைக் கூட்டினார், ஆணைகளை வாசித்தார், எதிர்ப்பைச் சந்தித்தார், சோர்ந்துபோனார். பதிலாள் மூலம் சீர்திருத்தம் நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கடைசியில் அனுமதி கிடைத்து, 1565 செப்டம்பர் 23 அன்று கார்லோ மிலான் நகருக்குள் நுழைந்தார். அக்டோபரில் தமக்குக் கீழிருந்த மறைமாவட்டங்களின் ஆயர்களைத் திரட்டி முதல் மாநிலச் சங்கத்தைக் கூட்டினார். டிசம்பரில் மாமன் மரணப்படுக்கையில் இருக்கும் செய்தி வந்தது. விரைந்து சென்று, இறுதி நேரத்தில் அருகிருந்தார். அடுத்த திருத்தந்தைத் தேர்தலில் மறைந்தவரின் மருமகன் என்ற முறையில் அவருக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது. அந்தச் செல்வாக்கை, தம் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாத, கண்டிப்புக்குப் பெயர்பெற்ற மிக்கேலே கிஸ்லியேரியின் பக்கம் திருப்பினார். அவரே ஐந்தாம் பயஸ். புதிய திருத்தந்தை உரோமையிலேயே தங்கும்படி கேட்டும், 1566 ஏப்ரலில் கார்லோ மிலானுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 27.

அதன்பின் பதினெட்டு ஆண்டுகள். இந்த ஆண்டுகளில் அவர் செய்ததைப் பட்டியலாக அடுக்கினால் அலுவலகக் குறிப்பைப்போல் ஆகிவிடும். ஆனால் அதன் உள்ளே இருந்த முறை கவனிக்கத்தக்கது. முதலில் அவர் பார்த்தார். பங்கு பங்காக, அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்ச் சமூகம் ஒவ்வொன்றுக்கும் சென்றார். கோவேறு கழுதைமேலும், பாதை முடியும் இடத்தில் கால்நடையாகவும், லெவந்தினா, பிளேனியோ போன்ற ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளின் கடைசி ஊர் வரைக்கும் போனார். ஒவ்வொரு பங்கிலும் நற்கருணைப் பேழை முதல் திருமுழுக்குத் தொட்டி வரை, திருமுழுக்குப் பதிவேடு முதல் குருவின் நூல் அலமாரி வரை பார்த்து எழுதிவைக்கச் செய்தார். அந்தப் பார்வையிடல் பதிவுகள் இன்றும் மிலான் பேராயத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அக்காலச் சிற்றூர்களின் வாழ்க்கையை ஆராய்பவர்களுக்கு அவை அரிய செல்வம். பார்த்ததைக் கூட்டங்களில் வைத்துச் சட்டமாக்கினார்: ஆறு மாநிலச் சங்கங்கள், பதினொரு மறைமாவட்டக் கூட்டங்கள். சட்டங்களின் தொகுப்பு 1582இல் அச்சாகி வெளிவந்தபோது, பிரான்சு முதல் பல நாடுகளின் ஆயர்கள் அதை வாங்கிப் படித்துத் தங்கள் ஊருக்கேற்ப எடுத்தாண்டார்கள். திரெந்து சங்கத்தின் ஆணைகள் பொதுவானவை. ஒரு ஆயர் திங்கள்கிழமை காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதை அவை சொல்லவில்லை. அதைச் சொன்னது மிலான்.

குருக்களை உருவாக்க, பிரபுக்களின் பிள்ளைகளுக்கும் உழவர் பிள்ளைகளுக்கும் இடமுள்ள குருமடங்களை நிறுவினார். நகரத்தில் பெரிய குருமடம். கல்வி குறைந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. 1579இல் சுவிஸ் பகுதிகளின் மாணவர்களுக்கென ஒரு கல்லூரி. 1578இல், எந்த மூலைக்கு அனுப்பினாலும் செல்லத் தயாரான மறைமாவட்டக் குருக்களைக் கொண்டு, அம்புரோசியார் பெயரில் ஒரு குழுவை ஏற்படுத்தினார். மறைக்கல்விப் பள்ளிகளை அவரே தொடங்கினார் என்று பலரும் எழுதுவது சரியன்று. 1536இலேயே கஸ்தெல்லீனோ என்ற எளிய குரு மிலானில் ஞாயிறுதோறும் சிறுவர்களைக் கூட்டிச் செபமும் எழுத்தும் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். கார்லோ அந்தச் சிறு முயற்சியை ஒவ்வொரு பங்கின் கடமையாக்கினார். அவர் இறக்கும்போது 740 பள்ளிகள், 3,000க்கு மேற்பட்ட ஆசிரியர்கள், 40,000 அளவில் மாணவர்கள் இருந்ததாகக் கணக்கு. ஆசிரியர்களில் பெரும்பாலோர் குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினர், ஆணும் பெண்ணும். கோவில் கட்டடங்களுக்கும் அறைகலன்களுக்கும் அவர் 1577இல் வெளியிட்ட கையேட்டில் சன்னல் உயரம் வரை விதிகள் உண்டு. குருவுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் நடுவே கிராதி வைத்த பாவசங்கீர்த்தனக் கூண்டு பரவலான வழக்கமானதில் அந்த விதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குருவிடம் தனியே பேச வேண்டிய பெண்களின் மானத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணமே அதன் பின்னால் இருந்தது.

இவ்வளவையும் எதிர்ப்பில்லாமல் செய்துவிட முடியுமா? மிலான் அப்போது எசுப்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியில் இருந்தது. அவருடைய ஆளுநரும் மிலானின் செனட் சபையும் நகரை ஆண்டனர். பேராயருக்குத் தனி நீதிமன்றம், சிறை, ஆயுதம் தாங்கிய காவலர் உண்டு என்ற பழைய உரிமையைக் கார்லோ மீட்டெடுத்து, திருமணத்துக்குப் புறம்பாக வெளிப்படையாக வாழ்ந்த பொதுநிலையினரையும் பிடிக்கத் தொடங்கினார். 1567இல் செனட் சபை அவருடைய காவலர் தலைவனைக் கைது செய்து, பொது இடத்தில் தண்டித்து, நாடு கடத்தியது. அவர் பதிலுக்குத் திருச்சபை விலக்குத் தண்டனையை அறிவித்தார். 1569 ஆகஸ்டில் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா கோவிலின் குருக்குழு, தங்களைப் பார்வையிட அவருக்கு அதிகாரமில்லை என்று கூறி, ஆயுதம் தாங்கிய ஆள்களுடன் வாசலை அடைத்தது. கையில் சிலுவையோடு நின்ற பேராயரைத் தள்ளிவிட்டார்கள். (அந்தக் கோவில் பின்னர் இடிக்கப்பட்ட இடத்தில்தான் 1778 முதல் உலகப் புகழ்பெற்ற லா ஸ்காலா இசையரங்கு நிற்கிறது.) 1573இல் ஆளுநர் ரெக்கெசென்சையே அவர் திருச்சபை விலக்குக்கு உள்ளாக்கினார். இந்த மோதல்களில் எல்லாம் அவர் பக்கமே நியாயம் என்று சொல்ல மாட்டேன். சட்டம் படித்தவருக்கே உரிய பிடிவாதம் அவரிடம் இருந்தது. விட்டுக்கொடுத்திருந்தால் இழப்பில்லாத இடங்களிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாவற்றிலும் கொடியது ஹுமிலியாத்தி சபையின் எதிர்ப்பு. ‘தாழ்மையுடையோர்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்தப் பழைய துறவற சபை, கம்பளித் தொழிலில் ஈட்டிய பெருஞ்சொத்தோடும் மிகக் குறைந்த உறுப்பினர்களோடும் வசதியாக வாழ்ந்துவந்தது. கார்லோ அதைத் திருத்த முற்பட்டபோது, சிலர் அவரைக் கொல்லத் திட்டமிட்டார்கள். 1569 அக்டோபர் 26 மாலை, வீட்டுச் சிற்றாலயத்தில் தம் இல்லத்தாரோடு செபித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சபையைச் சேர்ந்த ஃபரீனா என்பவன் பின்னாலிருந்து துப்பாக்கியால் சுட்டான். பாடகர்கள் அப்போது ‘நீங்கள் உள்ளம் கலங்க வேண்டாம்’ என்ற யோவான் நற்செய்தி வரிகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். சாகப்போகிறோம் என்றே கார்லோ நினைத்தார். ஆயினும் செபத்தை நிறுத்த வேண்டாம் என்று சைகை காட்டினார். குண்டு உடையைத் துளைத்து, முதுகில் கன்றிய தழும்பை மட்டும் விட்டது. சதிகாரர்களுக்கு இரக்கம் காட்டும்படி அவர் கேட்டும் அரசு அவர்களைக் கொன்றது. 1571இல் திருத்தந்தை அந்தச் சபையின் ஆண்கள் பிரிவைக் கலைத்தார். அவர்களுடைய பிரேரா இல்லம் இயேசு சபையினரின் கல்லூரியானது. இன்று ஓவியக் காட்சியகமாக இருப்பது அதே இடம்தான்.

கொள்ளைநோயை நீங்கள் விதிவிலக்காகக் கேட்டிருந்தாலும் அதைத் தவிர்த்துச் செல்ல எனக்கு மனமில்லை. குடியிருப்பு என்ற கொள்கை சோதிக்கப்பட்டது அங்கேதான். 1576 ஆகஸ்டில் மிலானில் முதல் மரணங்கள் தொடங்கின. ஆளுநர் ஐயமோந்தே விஜேவானோவுக்குப் போய்விட்டார். பிரபுக்கள் தங்கள் கிராமத்து மாளிகைகளுக்கு ஓடினார்கள். வெளியூரில் இருந்த பேராயர் நகருக்குத் திரும்பினார். தம் மரண சாசனத்தை எழுதி, நகரின் பெரிய மருத்துவமனையை வாரிசாக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். கீழ்த்திசை வாசலுக்கு வெளியே, 288 அறைகள் கொண்ட நோயாளர் விடுதி ஒன்று முன்பே கட்டப்பட்டிருந்தது. அங்கே அடைக்கப்பட்டவர்களுக்கு உணவுமில்லை, சாகும்போது அருகிருக்கக் குருவுமில்லை. அவர் துறவற சபைகளின் தலைவர்களிடம் ஆள் கேட்டார். அஞ்சிய தம் குருக்களைத் தேற்றியும் கடிந்தும் வரவழைத்தார். கப்புச்சின் சபையின் பாவோலோ பெல்லிந்தானி விடுதியின் நிர்வாகத்தை ஏற்று, இரும்புக் கட்டுப்பாட்டோடு நடத்தினார். அரண்மனையின் வெள்ளிப் பாத்திரங்கள் உருக்கி விற்கப்பட்டன. குளிர் வந்தபோது, சுவர்த் திரைகளும் கம்பளங்களும் கதவுத் துணிகளும் வெட்டப்பட்டு ஏழைகளுக்கு உடையாகத் தைக்கப்பட்டன. பேராயரே நோயாளிகளிடம் சென்று நற்கருணையும் நோயில்பூசுதலும் வழங்கினார்.

அக்டோபரில் அவர் நடத்திய பாவப்பரிகாரப் பவனிகளைப் பற்றி விமர்சனம் உண்டு. கழுத்தில் கயிறும் வெறுங்காலுமாக, ஆண்டவரின் சிலுவை ஆணி என்று மிலான் போற்றிய திருப்பண்டத்தைத் தாங்கி அவர் நடக்க, மக்கள் பின்சென்றார்கள். கூட்டம் கூடினால் நோய் பரவும் என்று நகரச் சுகாதார அலுவலர்கள் தயங்கினார்கள். அவர் இடைவெளி விட்டு வரிசையாக நடக்கச் சொல்லி நடத்தினார். இன்றைய அறிவோடு பார்த்தால் அலுவலர்களின் அச்சமே சரி. ஆனால் அதே மாத இறுதியில் நகரம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டபோது, அவர் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்க்கவில்லை. அதற்கேற்ப வழிபாட்டை மாற்றினார். தெருச்சந்திகளில் பீடங்கள் அமைத்து, சன்னலிலிருந்தே திருப்பலி காணும்படி செய்தார். மணியோசை கேட்டதும் தெருவில் உள்ள வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒருவர் மாற்றி ஒருவராகச் செபம் சொல்லின. குருக்கள் வாசல் வாசலாகச் சென்று, திறந்த கதவின் அருகே பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். அண்மையில் நம் காலத்திலும் கோவில்கள் அடைபட்டுக் கிடந்த நாள்களில் இதைப் படித்தபோது, நான் நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை. நோய் ஓய்ந்ததாக 1578 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. நகரில் இறந்தவர்கள் சுமார் 17,000 பேர். மிலான் மக்கள் அதை இன்றும் ‘புனித கார்லோவின் கொள்ளைநோய்’ என்றே சொல்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில், நேர்ந்துகொண்டபடி கிறிஸ்துவின் அடக்கத் துணியைத் தரிசிக்கத் தூரின் நகருக்கு அவர் நடந்தே சென்றார். அவர் ஆல்ப்ஸைக் கடந்து, அந்தத் துணி அதுவரை இருந்த ஷாம்பேரி வரை நடக்க நேராதபடி, சவோய் கோமகன் அந்தத் துணியைத் தூரினுக்குக் கொண்டுவரச் செய்தார். அதன்பின் தூரினே அதன் நிலையான இருப்பிடமாயிற்று.

அவருடைய கண்டிப்பின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நடனம், நாடகம், முகமூடித் திருவிழா ஆகியவற்றின்மீது அவர் தொடுத்த போர் நகர மக்களுக்குப் பெரும் எரிச்சலூட்டியது. திரும்பத் திரும்ப உரோமைக்குப் புகார்கள் போயின. அது மனிதர்களின் சிறு மகிழ்ச்சிகளைப் புரிந்துகொள்ளாத குறை என்று விடலாம். 1583 நவம்பரில் மெசொல்சீனா பள்ளத்தாக்கில் நடந்ததை அப்படி விட முடியாது. திருத்தந்தையின் பிரதிநிதியாக அங்கே சென்றபோது, சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மீதான விசாரணை அவருடைய அதிகாரத்தின்கீழ் நடந்தது. பலர் மனம் மாறியதாக ஏற்று விடப்பட்டார்கள். ஆனால் சில பெண்கள் எரிக்கப்பட்டார்கள், ரொவரேதோ ஊரின் தலைமைக் குரு குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தக் காலத்தின் நம்பிக்கை அப்படி என்று சொல்வது விளக்கம் ஆகுமே தவிர, அந்தப் பெண்களுக்கு நீதி ஆகாது. அவரை நேசிப்பவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாமல் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பணத்தைப் பொறுத்தவரை, அவர் மாமனின் சலுகையால் பெற்றவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். மிலானுக்கு வந்ததும் பிற மடங்களின் வருவாய்ப் பதவிகளைத் துறந்தார். தென் இத்தாலியில் குடும்பவழி வந்த ஒரியா சிற்றரசை 40,000 பொற்காசுகளுக்கு விற்று, தொகையை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். வீட்டில் பட்டு இல்லை. பல நாள்களில் அவருடைய உணவு ரொட்டியும் தண்ணீரும். வைக்கோல் படுக்கையில் சில மணி நேரமே உறங்கினார். உடலை இப்படி வருத்த வேண்டாம் என்று நண்பர்களும் திருத்தந்தையும் எச்சரித்தும் கேட்கவில்லை; 46 வயதில் அவர் உடல் கைவிட்டதற்கு அதுவும் காரணம்.

1584 அக்டோபரில், வரால்லோ குன்றின்மேல் ஆண்டவரின் பாடுகளைச் சிலைகளாக வடித்த சிற்றாலயங்களுக்கு நடுவே, இயேசு சபைக் குரு அதோர்னோவின் வழிகாட்டலில் தியானத்தில் இருந்தபோது காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடேயே கீழிறங்கி, அஸ்கோனாவில் ஒரு கல்லூரியைத் தொடங்கிவைக்கச் சென்றார். நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, பிறந்த ஊரான அரோனாவில் திருப்பலி நிறைவேற்றினார். கோட்டையில், தம் சொந்தக்காரர்களின் வீட்டில் தங்கி ஓய்வெடுக்கலாம் என்று சொன்னவர்களுக்கு இணங்காமல், படகில் ஏறி, ஏரியும் ஆறும் கால்வாயும் கடந்து மறுநாள் மிலான் வந்து சேர்ந்தார். நவம்பர் 3 இரவு, பேராயர் இல்லத்தில், தம் மக்களின் நகரத்தில் உயிர்நீத்தார்.